களப்பு இல்லாத நாட்டுக்கு ஒரு தோணி

அம்மாவும் மாமியும் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு தட்டுத் தொதல். கிறிஸ்மஸுக்கு அம்மா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டி அனுப்பிய தொதல் சரியாக இறுகவில்லை. அப்பாவின் தங்கையான மாமி அதைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “மச்சாள் ஒரு கரண்டியும் சேத்து அனுப்பியிருக்கலாம்” என்று தேவாலய வாசலில் வைத்து நாலு பேரிடம் சொல்லிவிட்டார். கடலோடு சேரும் ஏரியான களப்பின் கரையில், கல்லடியில் எங்கள் வளவும் மாமியின் வளவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடையே போய்வர வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அன்று மாலையே அம்மா அதைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்.

தகரத்துக்கு அப்பால் மாமியின் மகள், என் மச்சாள், அகப்பட்டுக்கொண்டாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்து. எங்களுக்கு வேறு கூட்டாளிகள் கிடையாது, தேடிக்கொள்ளவும் விருப்பமில்லை. தொதலை ரசித்துத் தின்றதைத் தவிர ஒரு குற்றமும் செய்யாத எங்களுக்குத்தான் தண்டனை கிடைத்தது.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாகச் செபக்கூட்டம் நடக்கும். அந்த வருடம் ஐயர், அதாவது எங்கள் போதகர், புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார். யுத்தத்தில் துன்பப்படும் நாடுகளின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். நாற்பது நாளும் அந்த வீட்டார் அந்த நாட்டுச் சனத்துக்காகச் செபிக்க வேண்டும். கூட்டம் தங்கள் வீட்டுக்கு வரும்போது எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் செபிக்க வேண்டும். நல்ல மனிதர், நல்ல யோசனை. ஆனால் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகளில் ஒன்று எங்கள் கைக்கும் மற்றது மாமியின் கைக்கும் வந்து சேர்ந்தன.

எந்த நாடுகள் என்று சொல்லப்போவதில்லை. ஐயரைத் தவிர எங்களில் ஒருவரும் அந்தப் பெயர்களை ஒழுங்காக உச்சரித்ததில்லை.

அன்றிலிருந்து மாலை ஆறரை மணிக்கு அம்மா வேலிப் பக்கத்து யன்னலை அகலத் திறந்துவைத்து முழந்தாளிட்டார். “ஆண்டவரே, எங்கட சனத்தப் பாரும்!” வேலிக்கு அப்பால் மாமி தன் சனத்துக்காக இன்னும் ஒரு படி மேலே குரலெடுத்தார். டிவிச் செய்தியில் எங்கள் நாடு ஓர் ஊரை இழந்த அன்று வீட்டில் கறிக்கு உப்பில்லை.

“எங்கட சனம் எண்டா ஆரு? அவங்களுக்கு உன்னத் தெரியுமா?” என்று அப்பா கேட்டார்.

“தங்கச்சிக்குத்தானே பரிஞ்சு பேசுறீங்க” என்றார் அம்மா. அதன் பிறகு அப்பா உலக விவகாரங்களில் வாய் திறக்கவில்லை.

செபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வரும் வெள்ளியும் வந்தது. மாமி வராவிட்டால் மச்சாளும் வரமாட்டாள். அந்த வாரம் முழுக்க நான் எந்த நாட்டுக்காகவும் செபிக்கவில்லை, மாமி வரவேண்டும் என்று மட்டுமே செபித்தேன். ஐயர் நேரில் போய்க் கூட்டிவந்தார். மாமி எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவேன் என்பதுபோல் வாசற்படியோடு உட்கார்ந்தார். மச்சாள் மெல்ல நழுவி என் பக்கத்தில் வந்துவிட்டாள். எனக்கு அழுகை வரும்போல் சந்தோசமாக இருந்தது.

அம்மா வேதப்புத்தகத் தமிழில் கம்பீரமாகத்தான் தொடங்கினார். பகைவரின் பீரங்கிகளை நனைத்துப்போடும் என்று கேட்டபோது மாமி தொண்டையைச் செருமினார். பிறகு அம்மாவின் தமிழ் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி அடுக்களைக்கு வந்துவிட்டது.

“ஓடி வாற சனத்துக்குத் தோணியில இடம் கிடைக்கோணும், ஆண்டவரே. தோணிக்குள்ள புள்ளைகள் சத்தம் போடப்படாது. நெருப்புப்பெட்டி நனையப்படாது. அடையாள அட்டைய ஆரும் மறந்திட்டு வரப்படாது. பொம்புளப்புள்ளைகள் ஒதுங்க ஒரு மறைப்பக் குடும். கட்டின மாட்ட ஆராவது அவுத்துவிடோணும்...”

அந்த நாட்டை நான் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் பார்த்திருந்தேன். மருந்துக்கும் நீலநிறம் இல்லை, முழுக்க மண்ணிறம். “அங்க களப்பே இல்ல, அம்மா தோணி கேக்கிறா” என்று மச்சாளின் காதில் சொன்னேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

அம்மா இடையில் நின்றுவிட்டார். பாடமாக்கியது மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வாசற்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“அடுப்பில விட்டிட்டு வந்த சோத்துப் பானைய எடுக்க ஆரையும் திரும்பிப் போக விடாதேயும், ஆண்டவரே. புள்ளைகள் பசியில கத்தினாலும் போக விடாதேயும்.”

“ஓம், ஆண்டவரே” என்றார் அம்மா.

அப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். ஐயர் ஆமென் சொல்லி முடித்தார். தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மா, “சீனி காணுமாகா, மச்சாள்?” என்று கேட்டார். “காணும், இனிப் போடவேணாம்” என்றார் மாமி. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். விடிந்ததும் அப்பா தகரத்தைக் கழற்றினார். இங்கே தீர்ந்ததால் அங்கேயும் தீர்ந்திருக்கும் என்று நம்பி நான் அன்று செய்தி பார்த்தேன். அங்கே தீரவில்லை.

அடுத்த வெள்ளி மாமி வீட்டில் கூட்டம். சிறுபிள்ளைகளும் ஒரு வசனம் செபிக்கட்டும் என்றார் ஐயர். இரண்டு வீடும் ஒன்றாக இருந்த அந்த மாலையில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எழுந்து நின்று கண்களை மூடிக்கொண்டேன்.

“ஆண்டவரே, சோத்துப் பானைய எடுக்கப் போனவர் பானையோட கெதியாத் திரும்பி வரோணும். சோறும் அடிப்பிடிக்கப்படாது.”

மச்சாள் மட்டும் சிரித்தாள். நான் முடிக்கும் முன்பே மாமி “ஆமென்” சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் மாமியும் சிறுபிள்ளைகளாக, யுத்தத்துக்குத் தப்பி, அக்கரையான படுவான்கரையிலிருந்து ஒரே தோணியில் களப்பைக் கடந்து வந்தவர்கள் என்பதும், அவர்களுடைய பசிக்காகத் திரும்பிப் போய் வராமலே போனவர் என் பெரியப்பா என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் மடியில் இருப்பது வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாமி விடவில்லை. நான் மிக நன்றாகச் செபித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.