அடிவரிசை ஆரஞ்சு

போர்ட் பிளேர் பழ மார்க்கெட்டில் எல்லோரும் பெட்டியை மேல்பக்கம் திறந்து காட்டுவார்கள். எங்கள் மொத்தக் கடையில் மட்டும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைப் பெயர்ப்போம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் குலுங்கி வரும் பெட்டியில் மேல்வரிசை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பாரம் தாங்கி நசுங்குவது அடிவரிசை. அதை முதலில் காட்டிவிட்டு விற்பது அம்மா கொண்டுவந்த வழக்கம்.

அப்பா மாதத்தில் பாதி நாள் கோயம்பேட்டில் நின்று சரக்கு ஏற்றுவார். இங்கே இறக்குவது, விற்பது, லோடு ஆட்களை மேய்ப்பது எல்லாம் அம்மாதான். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா போலீஸ், இன்னொருத்தியின் அப்பா கப்பலில் இன்ஜினியர். எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "எங்கம்மா பெட்டியக் கவுத்துத் தொறப்பாங்க" என்பேன். யாருக்கும் புரியாது. அது அவர்கள் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். இன்றைக்கு அதே கடையை நடத்துகிறேன். அந்தத் திமிர் இன்னும் இம்மியும் குறையவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், கடல் கொந்தளித்துக் கப்பல் நான்கு நாள் தாமதமாக வந்தது. ஊரில் ஒரு ஆரஞ்சு கிடையாது. முதலில் வந்த எட்டுப் பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே பாதிக்கு மேல் சுமார்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கடையில் இருந்தேன். அம்மா அழுகலையெல்லாம் பொறுக்கி எறிந்தாள். மிச்சச் சரக்கை இறக்க ஹாடோ துறைமுகத்துக்குக் கிளம்பும்போது என்னிடம், "நல்லது கெட்டதுன்னு பாக்காத. கையில வர்றத வந்தபடி அடுக்கு. சித்தப்பா ஆணி அடிச்சுக்குவாங்க" என்றாள்.

கையில் வந்ததை வந்தபடி அடுக்க அம்மாவின் மகள் எதற்கு, லோடு ஆள் போதுமே. எங்கள் கடையில் எல்லோரும் அடிவரிசையைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பளபளவென்று இருந்தவற்றையெல்லாம் தேர்ந்தெடுத்து அடியில் வைத்தேன். மெத்தென்று ஆனவை, புள்ளி விழுந்தவை நடுவில். சுமாரானவை மேலே. எட்டுப் பெட்டியும் முடிந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. கடையில் கூடமாட வேலை செய்யும் சித்தப்பா போனில் பேசிக்கொண்டே ஆணி அடித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது கடை வாசலில் கூட்டம். முதல் ஆள் லாங் ஐலண்ட் தாதா. ரௌடி இல்லை, வங்காளிகளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். பெட்டிகளைப் படகில் ஏற்றி ஒரு பகல் முழுக்கப் போய், அந்தச் சின்னத் தீவில் கடை வைத்து விற்பவர். அங்கே போய்ப் பிரித்தபின் பழம் சொத்தை என்றால் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

அம்மா ஒரு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பெயர்த்தாள். கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி இருந்தது. "அரே வாஹ்! பஸ் தீதி, பஸ். கீல் மார் தோ" என்றார் தாதா. தீதி என்றால் அக்கா. பார்த்தவரை போதுமாம், ஆணியை அடித்துவிடலாமாம். நான்கு பெட்டியைப் படகுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒரு பழத்தை எடுத்தாள். பக்கத்துப் பழத்தை எடுத்தாள். கையில் வந்தபடி அடுக்கினால் இப்படி ஒரு புள்ளிகூட இல்லாத வரிசை அமையாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அடுத்த நிமிடம் பெட்டியைத் தூக்கித் தார்ப்பாயில் கொட்டிவிட்டாள். நடுவில் ஒளித்து வைத்த புள்ளிப் பழங்களெல்லாம் தாதாவின் செருப்புவரை உருண்டன.

தாதா அம்மாவைப் பார்த்தார். "ஏ கோன் ரக்கா, தீதி?" இதை யார் அடுக்கியது என்று கேட்கிறார். என் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"மைனே ரக்கா, தாதா. மேரா கல்தி."

நான்தான் அடுக்கினேன், தப்பு என்னுடையது என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டு, மற்ற ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கொட்டினாள். வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தாதா ஒரே ஒரு பெட்டிக்குப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் குடிக்கும் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். இடுப்பு ஒடிய அடுக்கியது நான், பெயரை எடுத்துக்கொண்டது அம்மாவா? பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்பா போன் செய்தபோது புகார் சொன்னேன்: "நான் அடுக்குனத அவங்க அடுக்குனதா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாங்கப்பா." "அம்மாகிட்ட போனக் குடு" என்றார் அப்பா. அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். கடைசியில், "அவ பேரு எதுக்குங்க, சின்னப் புள்ள" என்றாள். என் பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

அதற்குப்பின் ஒவ்வொரு கப்பலுக்கும் தாதா வந்தார். அடிவரிசையைப் பார்த்துவிட்டு, "பூரா கிராவோ, தீதி" என்பார். முழுவதையும் கொட்ட வேண்டும். அம்மா முகம் சுளிக்காமல் கொட்டிக் காட்டுவாள், உட்கார்ந்து திரும்ப அடுக்குவாள். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் கொட்டினாள். மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

ஒருநாள் அம்மா கடையிலிருந்து கை நிறைய ஜிலேபியோடு வந்தாள். பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. எதற்கு என்று கேட்டேன்.

"இன்னைக்குத் தாதா பெட்டியக் கொட்டச் சொல்லலடி" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது.

கொட்டியதைத் திரும்ப அடுக்கும் வேலை மிச்சம், பாவம், அதற்குத்தான் இத்தனை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டாவது ஜிலேபியை எடுத்தேன்.