பனிக்கரையில் என் சம்பந்தி

அந்தப் பழுப்புக் கோட்டின் பை வெளியே இழுக்கப்பட்டு, கப்பல் ஊழியப் பெண் ஒருத்தியின் கையில் தொங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கப்பலின் அடித்தளத்தில், ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நிற்கும் ஈர வாடையடித்த அறை. அவளுடைய மறு கையில் தூசி உறிஞ்சும் இயந்திரம். பையின் தையலுக்குள் கறுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. என் சம்பந்தி எட்டிப்போய் அந்த இயந்திரத்தின் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினார். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "தொடக் கூடாதுன்னு சொல்லுங்க சம்பந்தி" என்றார். அவர் தமிழையும் அவளுடைய இங்கிலீஷையும் புரிந்துகொள்ள அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்டார்டிகா ஆசை எங்கள் இருவருக்குமே கிடையாது. அது சம்பந்தியம்மாவின் ஆசை. தொலைக்காட்சியில் பனிமலை உடைந்து கடலில் விழுவதைப் பார்த்த நாளிலிருந்து, "அங்கன ஒருதரம் காலை வச்சுட்டு வந்துரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காசி, ராமேஸ்வரம் என்று கேட்கிற வயதில் அவர் பனிக்கட்டி கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் என் மகளும் மருமகனும் ஒரு சின்ன சொகுசுக் கப்பலில் சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் இடம் போட்டுக் கொடுத்தார்கள். புறப்பட நான்கு மாதம் இருக்கையில், காபி ஆற்றிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா அப்படியே சரிந்தவர் எழவேயில்லை. பயணம் அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். சம்பந்தியோ, "போயி காலை வச்சுட்டு வந்துருவோம்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். தனியே அனுப்பப் பயந்து, காலியான இடத்தில் என்னைப் போட்டார்கள். நான் மின்வாரியத்தில் ஓய்வுபெற்று, கோம்பையில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன்.

கணவன் மனைவிக்கென்று பதிவான அறை அது. கதவைத் திறந்தால் ஒரே ஒரு பெரிய கட்டில், அதன்மேல் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். ஆள் வந்து கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போட்டார். சன்னலோரம் அவருக்கு, குளியலறை முதலில் அவருக்கு, மேசையில் அவர் உட்கார்ந்த பிறகே நான். பெண்ணைக் கொடுத்தவன் அண்டார்டிகா போனாலும் பெண்ணைக் கொடுத்தவன்தான். மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. அவரும் எனக்கு மரியாதையில் குறை வைத்ததில்லை, ஆனால் மனசுவிட்டு ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

இரண்டு நாள் கடல் எங்களைப் புரட்டி எடுத்தது. அவர் குமட்டிக் குமட்டிச் சுருண்டு கிடந்தார். மூன்றாம் நாள் ஆட்டம் நின்றபோது, வேறொருவர் காணும் கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதைப் போலிருந்தது. எந்நேரமும் விடியப்போகிற வெளிச்சம். நீலம் பூத்த பனிப்பாறைகள் சத்தமே இல்லாமல் நகர்ந்து போயின. மேகமலையில் மார்கழி மூடுபனி விலகி விலகிச் சரிவுகளைக் காட்டுமே, அந்த மாதிரிதான், ஆனால் முடிவே இல்லாமல். பட்டுப்போன்ற கம்பளியைப் போர்த்திவிட்டு, கையில் சூடான சாக்லேட் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சம்பந்தி எதையும் தொடமாட்டார். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி பார்த்துக்கொண்டே இருப்பார். குளிருக்குத்தான் என்று நினைத்தேன்.

காற்றினால் இரண்டு முறை கரையிறங்க முடியாமல் போயிற்று. கடைசி நாள் காலை, இரண்டு மணி நேரம் இறங்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த மண்ணில் வெளியூர் விதை ஒன்றுகூட விழக் கூடாது. அதனால் ஒவ்வொருவர் உடுப்பையும் தையல் தையலாகச் சோதித்த பிறகே படகில் ஏற்றுவார்கள். முதல் சோதனையில் கப்பல்காரர்கள் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டை மட்டும் காட்டியிருந்தார் சம்பந்தி. உள்ளே போட்டிருந்த கோட்டு அன்றுதான் மாட்டியது.

எஸ்டேட்டுக்குக் காய் பார்க்கப் போகும்போது போடுகிற கோட்டு. மலைப்பாதை வளைவுகளில் குமட்டாமல் இருக்க, அவர் கிளம்பும்போதெல்லாம் சம்பந்தியம்மா அதன் பையில் நாலைந்து ஏலக்காய் போட்டுவிடுவார். கப்பல் பயணத்துக்கென்று அதை வெயிலில் காயவைத்து, பையை நிரப்பி, நாலு மாதம் முன்னதாகவே மடித்து வைத்ததும் சம்பந்தியம்மாதான். அந்தக் காய்கள்தாம் கைபட்டுக் கைபட்டு நொறுங்கி, பையெங்கும் விதையாகச் சிந்தியிருந்தன.

சுத்தம் செய்யாமல் இறங்க முடியாது என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். நான் சொன்னதும் சம்பந்தி கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நா எறங்கல. நீங்க போயிட்டு வாங்க." படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. இத்தனை தூரம் வந்து, ஒரு கைப்பிடி விதைக்காக மனிதர் வாக்குத் தவறிவிடுவாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"குமட்டுனா திங்கட்டும்னு சம்பந்தியம்மா வச்சாக. ரெண்டு நாளு குமட்டிக் கெடந்தீக, ஒண்ணையாச்சும் தின்னீகளா? அவுக குடுத்தத இப்ப மிசினுக்கா குடுக்கப் போறீக?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நொறுங்கிய காய் ஒன்றை எடுத்து, தோலோடு வாயில் போட்டு மென்றார். கண் நிறைந்துவிட்டது. என் கையிலும் கொஞ்சம் வைத்தார். தையலிடுக்கில் இருந்த விதைகளை நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் இயந்திரத்தை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினாள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. எல்லாம் தீர்ந்த பிறகு, அவரே கோட்டை அவளிடம் நீட்டினார். இயந்திரத்துக்குக் கிடைத்தது வெறும் தூசிதான்.

கடைசிப் படகில் போய் இறங்கினோம். பெங்குவின்கள் எங்களைச் சட்டை செய்யாமல் அவற்றின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. காலடியில் பனி நெரியும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சம்பந்தி கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றார். "பாரு, அம்புட்டும் வெள்ளை" என்றார். என்னிடம் சொல்லவில்லை என்று தெரிந்ததால் நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். பிறகு திரும்பி, படம் எடுக்கச் சொன்னார். படத்தின் நடுவில் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். நடுவுக்கு வரச் சொல்லிக் கையை ஆட்டினேன். அவர் நகரவில்லை. கைபேசித் திரை எனக்குக் கலங்கித் தெரிந்தது.

போன மாதம் அந்தப் படத்தைப் பெரிதாக்க, போடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். பையன் கணினியில் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் சும்மா கெடக்குங்கய்யா. வெட்டிட்டு உங்கள நடுவுல கொண்டுவந்துரவா?" என்று கேட்டான்.

"வெட்டாதப்பா" என்றார் சம்பந்தி. "அங்கன ஆள் நிக்குது."