வராதவனுக்கு வைத்த தட்டு

சுருட்டை இலைக் கீரை வேகும் மணம். இங்கே அதைக் குரூன்கோல் என்பார்கள். ஹம்பேர்க்கில் குளிர் இறங்கியதும் யாரோ ஒருவரின் சமையலறையிலிருந்து அது மாடிப்படிக்கு வந்துவிடும். பச்சையும் கசப்புமாய், கொஞ்சம் ஈரமண் கலந்தாற்போல. மற்றவர்களுக்கு அது பசியைக் கிளப்பும் மணம். எனக்கோ நெஞ்சு ஒருதரம் திடுக்கிட்டுத்தான் அடங்கும்.

அண்ணி அயர்லாந்துக்காரி. அண்ணை வேலை செய்த ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். ஒக்டோபர் கடைசி நாள் அவருக்குப் பெருநாள்; செத்தவர்கள் அன்றிரவு வீட்டுக்கு வருவார்களாம். கடைகளில் தொங்கும் பேய் முகமூடிகளை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. தன் ஊரிலிருந்து புறப்பட்டுப் போய், கெட்டுத் திரும்பி வந்த பிள்ளை அது என்பார். அவருடைய பெருநாள் அடுப்படியில் இருந்தது. தேநீரில் ஊறிய முந்திரிகைப்பழ வத்தல் போட்ட பாண், அதற்குள் ஒளித்த ஒரு மோதிரம், அந்தச் சுருட்டைக் கீரை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. மசியலின் நடுவில் குழி பறித்து வெண்ணெயை உருக விடுவார். மஞ்சள் குளமாய்த் தளும்பும்.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய வருடங்கள். ஊரில் சமாதானம் வந்துவிடும்போல இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார்.

“இதென்ன பிள்ளை, பல்லில்லாத ஆக்களுக்கோ?” என்று மசியலைப் பார்த்துக் கேட்டார்.

“கிழங்கில்லாட்டி இவையின்ர ஊரில அடுப்பே மூட்டமாட்டினம், அம்மா,” என்றார் அண்ணை.

“உங்கட ஊரில தேங்காய் இல்லாட்டி?” என்று அண்ணி உடைந்த தமிழில் திருப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்து, அந்த வெண்ணெய்க் குளத்தில் கொட்டினார்.

மேசைக்கு வந்தோம். நான்கு பேருக்கு ஐந்து தட்டுகள். ஐந்தாவதிலும் மசியல், பக்கத்தில் பால், எரியும் மெழுகுதிரி. அதற்குப் பின்னால் என் தம்பியின் பள்ளிக்கூடப் படம்.

தம்பி ரியூசனுக்குச் சைக்கிளில் போனவன். சோதனைச் சாவடிக்கு அப்பால் அவனை ஒருவரும் காணவில்லை. ஊரே செய்யச் சொன்ன செத்தவீட்டுக் காரியங்களை அம்மா செய்யவில்லை. படத்துக்கு ஒரு பூ வைக்கவும் விடவில்லை. எங்கள் வழக்கத்தில் படத்தின் முன் விளக்கேற்றிச் சோறு படைத்தால் அதற்கு ஒரே பொருள்தான். அண்ணிக்கு அது தெரியாது. அவர் அன்பாகத்தான் வைத்திருந்தார்.

அம்மா கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி அண்ணையைப் பார்த்தார்.

“எப்ப செய்தி வந்தது?”

அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.

“எனக்கு ஒளிச்சு எல்லாரும் அழுது முடிச்சிட்டியளோ?”

கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. செய்தி ஒன்றும் இல்லை என்று அண்ணை தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அம்மா நம்பவில்லை. கண் தட்டைவிட்டு நகரவில்லை. என்ன பிழை நடந்தது என்று அண்ணி என்னிடம் ஜெர்மனில் கேட்டார். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அம்மாவின் காலடியில் முழங்காலில் இருந்து, சொல் சொல்லாய்த் தேடிப் பேசினார்.

“செத்த ஆக்களுக்கு மட்டும் இல்லை, அம்மா. வராத ஆக்களுக்கும். என்ர அம்மாவின்ர தம்பி, வேலைக்குக் கப்பல் ஏறினவர். கடிதம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தட்டு வைக்கிறது.”

“வந்தவரோ?”

ஒரு பொய் போதுமாயிருந்தது. அண்ணி அதைச் சொல்லவில்லை.

“இல்லை. ஆனா என்ர அம்மா சாகும்வரைக்கும் வச்சவ.”

வெண்ணெய் உறையத் தொடங்கியது. அம்மா குனிந்து, திரியை விரல்களாலேயே நசுக்கி அணைத்தார். “விளக்கு வேண்டாம். தட்டு இருக்கட்டும்.” பிறகு உட்கார்ந்து, தன் பங்கை ஒரு வாய் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

இப்போது அந்த மேசையில் அம்மாவுக்கும் ஒரு தட்டு உண்டு. அதன் முன் அண்ணி மெழுகுதிரி ஏற்றுகிறார். பக்கத்திலே தம்பியின் தட்டுக்கு இன்னமும் வெளிச்சம் இல்லை.

அந்த முறை அம்மா ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணியிடம் வந்தபோது அழவில்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சொன்னார்:

“இஞ்ச பார் பிள்ளை, அவனுக்கு வைக்கேக்க சூடா வை. ஆறினாத் தொடமாட்டான்.”