முகம் பார்க்காத அடி

வில்லன் நடிகர் மொட்டை ஒரு கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கை தானாகவே இழுப்பறையை மூடும். பல வருடங்களாக மொட்டை இதைப் பார்த்து வருகிறார். கோபம் வந்த காலம் ஒன்று இருந்தது, சிரிப்பு வந்த காலமும் இருந்தது. இப்போதெல்லாம் இழுப்பறை மூடும் சத்தம் கேட்காவிட்டால்தான், நம்மை அடையாளம் தெரியவில்லையோ என்று மனதுக்குள் ஒரு குறை.

சினிமாவில் அவர் செய்யாத அக்கிரமம் மிச்சமில்லை. கடத்தினார், எரித்தார், ஒரு கிழவரைப் படியில் உருட்டிவிட்டார். கடைசியில் எல்லாப் படத்திலும் கதாநாயகன் கையால் செத்தார்: லிஃப்ட் குழியில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குள். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்காரர் அவர் மனைவியை ஓரமாக அழைத்து, வீட்டில் கை நீட்டுவாரா என்று விசாரித்தார். மனைவி தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர். "அவர் நீட்ட மாட்டாருங்க. கணக்கு தப்பா போட்டா நான்தான் நீட்டுவேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். சிரித்தபடியே சாவியைக் கொடுத்த அந்த மனிதர் மறுநாள் மாடிக் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்.

நடிக்கும் எண்ணமே மொட்டைக்குத் தொடக்கத்தில் கிடையாது. ஒரு டயர் கடையின் மாடியில் கராத்தே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கதாநாயகனுக்கு ஒழுங்காக நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனார். அன்று அடியாளாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். டைரக்டர் இவருடைய மழித்த தலையையும் தாடையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேச வேண்டாம், முறைத்துக்கொண்டு நின்றால் போதும் என்றார். அந்த நிற்றல் முப்பது வருடம் நீண்டுவிட்டது. படம் வந்த பிறகு மாடி வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். இப்படிப்பட்ட ஆளிடமா பிள்ளையை அனுப்புவது என்று பெற்றவர்கள் யோசித்திருப்பார்கள். நல்லவனாக நடிப்பவரை நல்லவர் என்று நம்புவது எவ்வளவு சுலபமோ இதுவும் அவ்வளவு சுலபம். இரண்டையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பெரிய நடிகர் என்று அவரைச் சொல்ல முடியாது. கையில் மூன்று முறைப்புகள் வைத்திருந்தார். எல்லாப் படத்துக்கும் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டார். ஆனால் அத்தனை வருடத்தில் எந்தக் கதாநாயகனின் பல்லும் அவர் கையால் ஆடியதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. சினிமாச் சண்டையில் வில்லனின் வேலை அடிப்பது அல்ல, படாமல் பார்த்துக்கொள்வது. கை முட்டி கதாநாயகனின் தாடைக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். அவன் தலையைத் திருப்புவான். சத்தத்தைப் பிறகு யாரோ சேர்ப்பார்கள். கதாநாயகனின் முகம் வில்லனின் பொறுப்பு.

டூப்புக்குச் சட்டம் வேறு. ஆபத்தான இடங்களில் கதாநாயகனின் சட்டையையும் விக்கையும் மாட்டிக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் அவர். அவர் விலாவில் அடி உண்மையாகவே விழ வேண்டும். சட்டைக்குள் மெல்லிய பஞ்சுப் பட்டை இருக்கும். அடி பட்ட உடம்பு மடங்குவது போலப் படாத உடம்பு மடங்குவதில்லை என்பது சண்டை மாஸ்டர்களின் நம்பிக்கை. கதாநாயகனுக்குக் காற்று, டூப்புக்கு உடம்பு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் கைவந்துவிடும்.

அந்தக் கை ஒரு நாள் தவறியது.

கிடங்கு போலப் போட்ட செட். புகை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகள் மீது விழும் காட்சியை டூப் செய்வதாக இருந்தது. கடைசி நேரத்தில் கதாநாயகன் தானே செய்வதாகச் சொன்னான். தம்பியே பண்றார், பார்த்துக்கோ என்று மாஸ்டர் மொட்டையிடம் வந்து சொன்னார். மொட்டை தலையாட்டினார். ஷாட் தொடங்கியது. புகைக்குள் அவர் முட்டி கதாநாயகனின் விலாவில் முழு பலத்தோடு இறங்கியது. எலும்பு விரிசல். படப்பிடிப்பு நின்றது.

தவறு என்று சொன்னால் யாரும் நம்பத் தயாராக இல்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அந்தப் படத்தில்தான் முதல்முறையாக மொட்டைக்கு உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று கிடைத்திருந்தது. அடிதடி இல்லாமல் ஒரு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு பக்க வசனம். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தார். கதாநாயகன் அதை நீளம் என்றான். வசனம் போய் ஒரு முறைப்பு மட்டும் மிஞ்சியது. அன்று டீ நேரத்தில் மொட்டை, "தம்பிக்கு ஒரு நாள் இருக்கு" என்று சொன்னார். அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அதே ஆட்கள் அதே வார்த்தையை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள், சிரிக்காமல்.

சண்டைக் கலைஞர் சங்கம் விசாரணைக்கு நாள் குறித்தது. வேண்டுமென்றே அடித்தார் என்று முடிவானால் சங்க உறுப்பினர் கார்டு ரத்து. கார்டு போனால் எந்தத் தளத்திலும் வாசல் தாண்ட முடியாது. கராத்தே வகுப்பு எப்போதோ போய்விட்டது, ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வேறு வேலை தெரியாது.

அந்த இடைப்பட்ட நாட்களில் மொட்டை எல்லோரையும் சந்தேகப்பட்டார். மாஸ்டர் போனை எடுக்கவில்லை. மாஸ்டரின் மச்சான் ஒருத்தன் தாடியும் புஜமுமாக வில்லன் வேடத்துக்கு வரிசையில் நிற்பது ஞாபகம் வந்தது. புகையை அதிகமாக வைக்கச் சொன்னது மாஸ்டர்தானே? அடுத்தது டூப். பத்து வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர். மருந்துக்கடை வாசலில் மொட்டையைக் கண்டதும் சட்டென்று சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய்விட்டார். குற்றம் செய்தவன் மாதிரி நடக்கிறான், ஆனால் அடித்தது நான் அல்லவா என்று மொட்டை யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சந்தேகம் சுற்றி வந்து கடைசியில் அவர் மீதே உட்கார்ந்தது. அது கதாநாயகன் என்று அவருக்குத் தெரியும். மாஸ்டர் சொல்லியிருந்தார். தெரிந்த பிறகும் கை ஏன் இறங்கியது?

மனைவி தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அடிக்கணும்னு தோணுச்சா?"

"தெரியல."

"தோணலைன்னு சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம். தெரியலையே."

மனைவி மறுபடியும் தாளைக் குனிந்து பார்த்தார். அன்று மாலை முழுவதும் வீட்டில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. ஊர் முழுக்கச் சந்தேகப்படும்போது தாங்கிக்கொண்டவருக்கு, இந்த ஒருவரின் மௌனம் தாங்கவில்லை. தன் மனதைத் தானே திறந்து பார்த்துச் சொல்ல முடியும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மொட்டை திறந்து பார்த்தார். உள்ளேயும் புகையாகத்தான் இருந்தது.

சங்க அறையில் மின்விசிறி ஒன்று தலைக்கு மேல் ஆடியபடி சுற்றியது. கதாநாயகன் இடுப்புக்கு மேலே பட்டை கட்டிக்கொண்டு முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். டூப் கடைசி வரிசையில். மேசை மீது ஒரு டிவி வைத்து அந்த ஷாட்டை ஓடவிட்டார்கள். அங்கே நின்றிருந்த ஒருவர், முகத்தைப் பாருங்கள், எவ்வளவு வெறி என்றார். எல்லோரும் பார்த்தார்கள். வெறி இருக்கத்தான் செய்தது. அது இரண்டாவது முறைப்பு. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சினிமாக்காரர்களே சினிமா முகத்தை நம்புவதைப் பார்த்து மொட்டைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார், சிரித்தால் அது மூன்றாவது முறைப்பு மாதிரி இருக்கும்.

தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் கண் வழக்கம் போலக் கீழே இறங்கியது. சண்டை பழகியவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். முகம் ஏமாற்றும், கை ஏமாற்றும், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. டிவியில் கதாநாயகனின் இடது கால் முன்னால் இருந்தது. குதிகால் லேசாகத் தூக்கி, பாதம் உள்பக்கம் திரும்பி.

மொட்டை எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவை போடுங்க. மூஞ்சியை விடுங்க, காலைப் பாருங்க. இது தம்பி கால் இல்ல. தம்பி எப்பவும் வலது காலை முன்னால வச்சுதான் நிப்பார்."

"அவர்தானே நிக்கிறாரு?" என்றார் மாஸ்டர். "நானே உன்கிட்ட வந்து சொன்னேனே, மொட்டை. இல்லையா?"

"சொன்னீங்க மாஸ்டர். எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல. கை அந்தக் காலைப் பாத்துருச்சு."

யாரோ நக்கலாகச் சிரித்தார்கள். ஷாட் மறுபடியும் ஓடியது, மறுபடியும் அதே கால். அங்கே இருந்த எல்லோருக்கும் அந்த நிற்றல் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைக்குத் திரும்பின.

டூப் எழுந்தார். "அது என் ஸ்டைல்தான்" என்றார். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கதாநாயகன் ஒரு மாதமாக அவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பழகியிருக்கிறான். டூப் இல்லாமல் சண்டை போட்டதாக நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை. மாஸ்டரைத் தாண்டி யாரும் கதாநாயகனுக்குச் சொல்லித்தரக் கூடாது என்பது அந்தக் குழுவின் கட்டுப்பாடு. அதனால் வெளியே சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அடி விழுந்த மறுநொடியே டூப்புக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் மாஸ்டர் குழுவிலிருந்து தூக்கிவிடுவார். அதனால்தான் மருந்துக்கடை வாசலில் சாலையைக் கடந்தார். கதாநாயகன் பட்டையைத் தடவியபடி, ஆமாம், உண்மைதான் என்றான்.

அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. மொட்டை டூப் என்று நினைத்து அடித்துவிட்டார், அவ்வளவுதான், வேண்டுமென்று செய்ததல்ல என்று தலைவர் முடித்தார். கார்டு தப்பியது. மாஸ்டர் மட்டும் யாரையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் டூப்பை என்ன செய்யப்போகிறார் என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

வெளியே படிக்கட்டில் மொட்டை டூப்பின் தோளைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே" என்றார் டூப். "என்னைன்னு நெனச்சு அடிச்சீங்க. அதான் உங்களைக் காப்பாத்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் குத்தல் இருந்ததா என்று மொட்டை வீடு வரும் வரை யோசித்தார். இல்லை என்றே தோன்றியது. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

வீட்டில் நடந்ததை முழுவதும் சொன்னார். மனைவி மாணவர்களின் தாள்களைக் கட்டிவைத்துவிட்டுக் கேட்டார். முகம் தெளிந்தது. பிறகு, விடையைச் சரிபார்க்கிற டீச்சரின் முகம் வந்தது.

"அப்போ அந்த இடத்துல டூப்பே நின்னிருந்தா, அவர் எலும்பு விரிசல் விட்டிருந்தா, இதுக்கு ஒரு மீட்டிங் நடந்திருக்குமா?"

மொட்டை குனிந்து பார்த்தார். அவர் கை மேசை மேல் இருந்தது. பத்து வருடமாக அந்தக் கை அந்த ஒரு விலாவில் விழுந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டூப் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார். சோம்பல் என்று அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

கதாநாயகனின் விலா ஆறியதும் படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. மாஸ்டர் டூப்பைத் தூக்கவில்லை. தூக்கினால் மறுபடியும் பேச்சு கிளம்பும் என்று விட்டுவைத்திருக்கலாம். அதே கிடங்கு, அதே பெட்டிகள், பாதிப் புகை. இம்முறை விக்கும் சட்டையும் மாட்டி நின்றது டூப்தான். இடது கால் முன்னால். ஷாட் தொடங்கியது. மொட்டை முழு வேகத்தில் முட்டியை வீசினார், கதாநாயகனுக்கு வீசுவது போலவே, விலாவுக்கு ஒரு சாண் தள்ளி.

டூப் அசையவில்லை. அடி விழுந்தால் மடங்கலாம் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. அடி வரவில்லை. பெட்டிகள் முன்னால் அப்படியே நட்டுவைத்தது போல நின்றார்.

மாஸ்டர் கட் என்றார். என்னய்யா பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி நிக்கிற என்று டூப்பைத் திட்டிவிட்டு, மறுபடியும் எடுக்கச் சொன்னார். லைட்காரர்கள் சிரித்தார்கள். டூப் விக்கைச் சரிசெய்யும் சாக்கில் மொட்டையின் பக்கத்தில் வந்தார். அவர் கண் மொட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைப் பார்த்தது, எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று.

"என்னண்ணே," என்றார் தாழ்ந்த குரலில், "எம்மேல எதாச்சும் கோவமா?"