காயலுக்கு அடியில் ஓர் ஆறு

"அட, பயமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பயந்தவனா இருந்தா பேத்தியைப் படகுல ஏத்துவேனா?"

யாரும் கேட்கவில்லை. இன்று காலை படகில் ஏறியவர்கள் அவரவர் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தார்கள். கோல் ஊன்றிப் படகு தள்ளும் பெரியவருக்குத்தான் வாய் நிற்கவில்லை.

நேற்று நடந்தது. நிலப்பக்கத்து ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடு கடல் பக்கத்து மணல் திட்டில். நடுவே காயல். அகலம் கண்ணுக்கு எட்டாது. ஆழம் பெரும்பாலும் முழங்கால்தான். தென்காற்று பலமாக அடித்தால் அந்த உப்புத் தண்ணீர் மொத்தமும் வடக்கே போய்விடும். தட்டில் இருக்கும் தண்ணீரை ஊதினால் ஒரு பக்கமாக ஒதுங்குமே, அப்படி. காற்று கிளம்பினால் படகை எடுக்காதே என்று எல்லோருக்கும் சொல்பவர் அவர்தான். நேற்று மனைவி, மகள், மாப்பிள்ளை, குழந்தையை ஏற்றிக்கொண்டு அவரே எடுத்தார். பேத்தி முகத்தைப் பார்த்த கண்ணுக்குக் காற்று தெரியவில்லை.

பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள் மனைவி, குழந்தைக்குக் குடை பிடித்தபடி.

"கொஞ்சம் சும்மா இரேன். யோசிக்கிறேன்ல!"

"யோசிங்க, யோசிங்க. தண்ணி ஊரைச் சுத்திட்டு வரட்டும்."

வெயில் ஏறியது. பச்சைக் குழந்தை; மகளுக்கோ உட்கார முடியாத வலி. சேற்றில் இறங்கிச் சுற்றிப் பார்த்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கு பார்த்தாலும் காயலின் தரை. அலை கீறிய வரிகள், சிப்பிகள், மேடுகளில் பூத்த உப்பு. அதன் நடுவே வளைந்து வளைந்து, கரும்பச்சையாக ஓர் ஆறு! ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காயலில் வந்து விழுகிற அதே ஆறு. விழுந்த இடத்தில் அது கரைந்து போகவில்லை. காயலுக்கு அடியிலேயே தனக்கொரு பள்ளம் பறித்துக்கொண்டு, மணல் திட்டை ஒட்டி, கடல் சேரும் முகத்துவாரம் வரைக்கும் போகிறது. இத்தனை வருஷமாகக் கோலின் நுனியில் அங்கங்கே குழி குழியாகத் தட்டுப்பட்டது இதுதானா!

"மாப்பிள்ளை, இறங்குங்க! அதோ பாருங்க, ஆறு! அதுவரைக்கும் தள்ளிட்டா நேரா நம்ம வீட்டு வாசல்தான்."

மாப்பிள்ளை செருப்போடு குதித்தார். மனைவி குடையை மகளிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மூவரும் தள்ளத் தள்ள, படகு வழுக்கி வழுக்கிப் போய்ச் சட்டென்று மிதந்தது. இரண்டு பக்கமும் வெறும் தரை, மேலே அவ்வளவு பெரிய வானம், நடுவில் இவர்கள் மட்டும். மனைவிகூட "அம்மாடி" என்றதோடு சரி. குழந்தை தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

மாலையில் காற்று தணிந்ததும் தண்ணீர் ஒன்றும் தெரியாததுபோல வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

இன்று காலை பெரியவர் நடுக்காயலில் கோலை ஊன்றினார். முக்கால்வாசி உள்ளே போனது. தட்டையாகக் கிடந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத் தடவிட்டு இருந்திருக்கேன்யா. எம் பேத்தி வந்த அன்னிக்கே காயல் தன் தண்ணிப் பாயைச் சுருட்டித் தரையைக் காட்டிருச்சு!"