மூன்றாம் தரத்துக்கு முன் மூடிய கண்

திருவையாற்று வாழைத்தார் மண்டியில் காதர் மைதீன் ஏலம் கூறினால் மறுபேச்சு இருக்காது. போன ஆடியில் அவருடைய இடது கண் தன்பாட்டுக்குத் துடிக்க ஆரம்பித்தது. "ஆம்பளைக்கு இடது கண்ணு துடிக்கக் கூடாதே பாய்" என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பிறகு கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தன. மனசு பதறினால் துடிப்பும் கூடும். ஏலத்தில் மனசு பதறும் இடம், "ரெண்டு தரம்" என்று சொல்லி மூச்சை நிறுத்தும் இடம்.

ஐப்பசியில் ஒருநாள் அந்த இடத்தில் கண் மூடித் திறந்தது. தரையில் கிடந்தவை இராஜாங்கத்தின் பூவன் தார்கள். அப்பன் காலம்வரை பண்ணையில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. சொந்தக் கொல்லையில் இதுதான் முதல் வெட்டு. கடைசியாக விலை கேட்ட வியாபாரி துரைராசு இடப்பக்கம் நின்றார். அவருக்கு மேல் யாரும் கேட்கவில்லை. அடிமாட்டு விலைக்கு முடிந்தது.

"துரைராசுக்குக் கண்ணடிச்சு முடிச்சிட்டீங்களே பாய்," என்றார் இராஜாங்கம்.

"சத்தியமா அது தானா அடிக்குது ராஜாங்கம்."

"அதெப்படிங்க, சரியா அவரு பக்கமா பாத்து அடிக்குது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மறுவாரத்திலிருந்து இராஜாங்கத்தின் தார் வேறு மண்டிக்குப் போனது. பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள். ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை கட்டினால் கஷாயம் இருக்கிறது. நாணயம் போனால் என்ன இருக்கிறது?

மார்கழியில் மனைவி ரஹ்மத் பீவி அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனாள். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை இடித்துக்கொண்டிருக்கிறது என்றார் நரம்பு டாக்டர். ஆபரேஷன் வேண்டாமென்றால் ஊசி.

"கெட்டுப்போன டப்பா சாப்பாட்டுல வளர்ற ஒரு பாக்டீரியா இருக்கு. அது செய்யற புரதம்தான் இந்த மருந்து. நரம்பு தசைக்கு அனுப்புற தகவலத் தடுத்துடும்."

"சாப்பாட்டுல போனா?" என்றார் காதர் மைதீன்.

"மூச்சே நின்னுடும். நாங்க போடறது துளியிலும் துளி."

"விஷத்தக் காசு குடுத்து வாங்கிப் போட்டுக்கணும்கிறீங்க."

டாக்டர் சிரித்தார். "மூணு நாலு மாசம் தாங்கும். அப்புறம் நரம்பு திரும்பத் தழைச்சுடும். மறுபடி வரணும்."

வெட்டிய வாழையடியில் பக்கக்கன்று வருகிற மாதிரி. காதர் மைதீனுக்கு அது புரிந்தது. புரிந்ததும் அலுப்பாக இருந்தது.

ஒரு வாரத்தில் கண் அடங்கியது. கூடவே இடது கன்னமும் செத்துக் கிடந்தது. டீ குடித்தால் ஓரத்தில் வழிந்தது. "சினிமாக்காரங்க போட்டுக்கிற ஊசியாமே பாய்? வீட்டுல அடையாளம் தெரியுதா?" என்றார் துரைராசு. பாய் சிரித்தார். வலது பாதிதான் சிரித்தது. அதற்கும் பேச்சு வந்தது: பாய் முன்னமாதிரி முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

பங்குனிக் கடைசியில் கோடைமழைக் காற்று இராஜாங்கத்தின் கொல்லையைச் சாய்த்தது. முற்றாத தார்கள். அவர் மாறிப்போன மண்டியில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். வேறு போக்கில்லாமல் இங்கே இறக்கினார். அந்த வாரம்தான் பாயின் கண் மறுபடி துடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்து வர இன்னும் பத்து நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

தார்களைப் பார்த்தார். இராஜாங்கத்தைப் பார்த்தார். பிறகு வியாபாரிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"எவனுக்கும் ஜாடை இல்லப்பா. கேளுங்க, காதால வாங்கிக்கிறேன்."

முதுகுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி விலை ஏறியது. "ஒரு தரம்..." இராஜாங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை, சுற்றிவந்து சுவரோரம் நின்று முகத்தைப் பார்த்தார். "ரெண்டு தரம்..." கண் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. வாயோரம் காதுவரை இழுத்தது. எதிரே காரை பெயர்ந்த சுவர் மட்டும்தான்.

இராஜாங்கம் சுவரையும் அந்தக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொவத்துக்கா பாய் கண்ணடிக்கிறீங்க?"

பாய் சுவரைவிட்டு நகரவில்லை.

"திரும்புங்க. முதுகுகிட்ட எவன் விலை கேப்பான்?"

பாய் திரும்பினார். எல்லாருக்கும் முன்னால் கண் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டது. துரைராசு இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அதற்கு மேல் கேட்பார் இல்லை.

"மூணு தரம்," என்றார் காதர் மைதீன்.

இராஜாங்கம் கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறினார். "அடுத்த வெட்டு ஆடியில பாய். அதுக்குள்ள ஊசியப் போட்டுக்குங்க."

"ஆடிக்கு அது தேஞ்சு போயிருக்கும் ராஜாங்கம்."

"போவட்டும்," என்றார் இராஜாங்கம். "தாரு இங்கதான் வரும்."