ஏழாம் நம்பர் கட்டிலும் கிருபா அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை காலை மீஞ்சூரிலிருந்து தொலைபேசி வந்தது. கிருபா அக்காவின் மகன் சாமுவேல். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றான். "கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. எல்லாரும் கேட்பதுதானே என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான். "ஒண்ணும் சொல்லல அங்கிள். தூங்கிக்கினே இருந்தாங்க, அப்டியே போயிட்டாங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அது தப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் பாதையோரம் இருந்த நம் தர்ம ஆஸ்பத்திரியை இடித்துப் பல வருஷமாகிறது. எழுபதுகளில் அதன் பரிசோதனைக் கூடம் ஒரே ஒரு அறை. ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப், மேஜைமேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு, சுவரோரம் கண்ணாடிக் குழாய்கள். கிருபா அக்கா பொறுப்பாளர். நான் டெக்னீஷியன். அக்கா என்னைவிட ஒரே வயது மூத்தவர். வள்ளூரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து, எத்தனையோ பேரின் ஏளனத்தைத் தாண்டி அந்த மேஜைக்கு வந்தவர். ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷன் வரை போனவர், வண்டி வந்து நிற்கும் நேரத்தில் திரும்பி ஓடி வந்தார். விளக்கை அணைத்தோமா என்று சந்தேகமாம். அணைந்துதான் இருந்தது. வண்டி போய்விட்டது. நான் சிரித்தேன். "சிரிங்க, சிரிங்க. கைய நம்பலாம் வரதன். ஞாபகத்த நம்பக் கூடாது" என்றார்.

அவருக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. வார்டில் ரத்தம் எடுத்தால் நான் குழாயின்மேல் மெழுகுப் பென்சிலால் கட்டில் எண்ணை மட்டும் எழுதுவேன். ஒரே வார்டில் மூன்று லட்சுமி, இரண்டு மேரி படுத்திருப்பார்கள், கட்டில் எண் ஏமாற்றாது என்பது என் கட்சி. அவரோ பேர், ஊர், புருஷன் பேர் எல்லாம் கேட்டு எழுதச் சொல்வார். எந்தப் பெண் அந்தக் காலத்தில் புருஷன் பேரைச் சொன்னாள்? பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவள் சொல்ல, இவள் வெட்கப்பட, ஒரு குழாய்க்குக் கால் மணி நேரம் ஆகும். "கட்டிலுக்கா ரத்தம் ஏத்தப் போறோம்?" என்று அக்கா கேட்பார். நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எண்ணைத்தான் எழுதுவேன்.

அன்றைக்குப் பழவேற்காட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மீன்பிடிக்கும் குடும்பம். வீட்டிலேயே பிள்ளை பிறந்து, ரத்தப்போக்கு நிற்காமல், ராத்திரி முழுக்கப் பார்த்திருந்துவிட்டு விடிந்த பிறகுதான் தூக்கி வந்திருந்தார்கள். பெண்கள் வார்டில் ஏழாம் கட்டில் கொடுக்கப்பட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சீட்டு அனுப்பினார். நான் ஓடினேன். ஏழாம் கட்டிலில் போர்த்திக்கொண்டு ஒருத்தி கண்மூடிக் கிடந்தாள். கையைப் பிடித்தேன், ரத்தம் எடுத்தேன், குழாயில் 7 என்று எழுதினேன். பேர் கேட்கவில்லை. அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரத்த வங்கியெல்லாம் நமக்குக் கிடையாது. கூட வந்தவர்களில் யாருடைய ரத்தம் சேருகிறதோ அவரைப் படுக்கவைத்துப் பாட்டிலில் பிடிப்போம். ஏழாம் குழாய் பி பிரிவு. புருஷன் ஓ பிரிவு, அவன் தம்பி பி பிரிவு. தம்பியின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன், சேர்ந்தது. அக்கா கையெழுத்துப் போட்டார். தம்பியிடம் ஒரு பாட்டில் பிடித்து வார்டுக்கு அனுப்பினோம். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, ஏழாம் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அப்படியே நின்றார்.

"வரதன், இது யாரு ரத்தம்?"

"அந்தப் பழவேற்காட்டுப் பொண்ணுதுதான்க்கா."

"ராத்திரியிலேர்ந்து ரத்தம் போய்க்கினு கீற பொம்பளைக்கு இவ்ளோ கெட்டியா இருக்குமா? பேர் கேட்டீங்களா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் குட்டை உருவம் அப்படி ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினேன்.

பாட்டில் மாட்டியாகிவிட்டது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்திருந்தார். ஆனால் அவர் நின்றது ஏழாம் கட்டிலருகில் இல்லை, கோடியில் பதினொன்றாம் கட்டிலருகில். அக்கா ரப்பர் குழாயை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டார். "கைய எடுங்க! இந்தப் பொண்ணு செத்தா நீங்க பொறுப்பா?" என்று டாக்டர் கத்தினார். "வேற ரத்தம் போனா இப்பவே செத்துடுவா சார். ரத்தம் எடுத்தது ஏழாம் கட்டில்ல. இவ பதினொண்ணுல கீறா" என்றார் அக்கா. அவர் விரல்களை எடுக்கவில்லை.

மாமியார்க்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏழாவதுல நேத்து ஒரு சாவு உழுந்துச்சாமே டாக்டரய்யா. புள்ள பெத்தவள அதுலயா போடுவேன்? அந்தக் கம்பெனிக்காரரு சம்சாரம் காத்து வருதுன்னு மாறிக்கினாங்க." கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவரின் மனைவி அவர். மூன்று வாரமாக டைபாய்டு. சாவு விஷயம் அவருக்குத் தெரியாது. நர்ஸ் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு குடும்பமும் கட்டிலை மாற்றிக்கொண்டுவிட்டன. இரண்டு பெண்களையும் அறிந்த டாக்டர் ஆளைப் பார்த்து வந்தார். நான் எண்ணைப் பார்த்து எடுத்தேன்.

பதினொன்றாம் கட்டிலில் புதிதாக எடுத்த ரத்தம் தண்ணீர் கலந்ததுபோல வெளிறியிருந்தது. ஓ பிரிவு. புருஷனுடையதுதான் சேர வேண்டும். சேருகிறதா என்று பார்க்க இருபது நிமிஷம். குழாயை எடுத்ததும் மேஜைமேல் இரண்டு சொட்டு சிந்திவிட்டேன். அக்கா வாங்கிக்கொண்டு, "நீங்க கடியாரத்தப் பாருங்க, அது போதும்" என்றார். பார்த்தேன். என் ஆயுளில் அத்தனை நீளமான இருபது நிமிஷம் வந்ததில்லை. நடுவில் நர்ஸ் வந்து, "நாடி எறங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நிமிரவே இல்லை. ரத்தம் சேர்ந்தது. சாயங்காலம் அந்தப் பெண் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள்.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். வராந்தாவில் நடக்கும்போது அக்கா, "உங்க ஊட்ல எத்தினி மாசம்?" என்றார். "ஏழு" என்றேன். அப்போது என் வேலை நிரந்தரம் இல்லை, அவருடையது நிரந்தரம். "உள்ள நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றார். அறைக்குள், "யார் ரத்தம் எடுத்தது?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "நான்தான் சார்" என்றார் அக்கா. சீட்டில் அவர் கையெழுத்துதான் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமலே அக்காவுக்குப் பின்னால் வெளியே வந்தேன்.

அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை அவர் வந்து, "குட் மார்னிங் சார்" என்றார். அதுவரை நான் அவருக்கு வரதன். "அக்கா, அப்படிக் கூப்பிடாதீங்க" என்று கெஞ்சினேன். "பின்ன, பொறுப்பாளர எப்டிக் கூப்புடறது?" என்றார். அதில் கோபம் இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார், இந்தச் சண்டையில் சொல்லிவிடுவார், ரிட்டயர் ஆகும் கூட்டத்தில் சொல்லிவிடுவார் என்று. அவர் சொல்லவே இல்லை. வார்டிலிருந்து நான் திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார்: "சார், பேர் கேட்டீங்களா?" கேட்டேன். அன்றிலிருந்து ஒரு குழாய்க்குக்கூடக் கேட்காமல் விட்டதில்லை.

புதன்கிழமை மீஞ்சூர் கல்லறையில் நம் பழைய ஆள்கள் சிலர் நின்றிருந்தோம். ஒருவர் என் காதருகில் வந்து, "தங்கமான அம்மா. அந்த ரத்தக் கேஸ்ல மட்டும் கொஞ்சம் அசந்துட்டாங்க, பாவம்" என்றார். சாமுவேல் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தன் அம்மா அசந்துவிட்டார் என்றே அவனும் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறான். அங்கேயும் நான் பேசவில்லை. மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி எழுதும்போது, போனவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று கடைசியில் சொல்வார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருந்தது அவருடைய நல்ல பேர். சாமுவேல், ஏழாம் கட்டிலில் ரத்தம் எடுத்தவன் நான். உன் அம்மா அதைக் கண்டுபிடித்தவர்.